மாடிப்படிக்கு எந்தக் கைப்பிடி? தேக்கா, எஸ்.எஸ்ஸா, கண்ணாடியா?

வீடு கட்டுவோர் கேள்வி – பதில்

போன இதழில் படிகளின் உயரம், அகலம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை படியை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டன. காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவைதான் அதிகம் என்பதால் இந்த முறை செட்டிநாட்டுக் கடிதங்களாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, கோட்டையூரில் பழைய வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் கீழும் மேலுமாகப் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாடிப்படி ஹாலுக்குள்ளேயே ஏறுகிறது. 3 அடி அகலம், ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் திறப்பு. பெரிய வீட்டில் இருப்பதுபோல் கடைசல் போட்ட தேக்குதான் வேண்டும் என்கிறார்கள் அப்பச்சி. என் மனைவி எஸ்.எஸ்ஸும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கண்ணாடியும் கேட்கிறாள். பட்டறைக்காரர் இரண்டும் வேண்டாம், நான்கு குறுக்குக் கம்பி ஓட்டி எஸ்.எஸ். பைப் போட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்கிறார். வீட்டில் 78 வயதில் அப்பத்தா இருக்கிறார்கள், 3 வயதில் மகன் இருக்கிறான். எதைத்தான் போடுவது?
— கோட்டையூர் வாசகர்

பதில்: மூன்று பேருடைய விருப்பத்தையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் தம்பி. அந்தக் கைப்பிடியை நிஜமாகவே பிடித்து ஏறி இறங்கப்போவது அப்பத்தா, அதில் தொங்கப்போவது உங்கள் மகன். மற்ற எல்லோரும் போகிற போக்கில் கையை வைப்பதோடு சரி. இந்த இரண்டு பேருக்கு ஒத்துவருவது எது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருப்பதில் அப்பச்சிக்கும் மனைவிக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கலாம்.

பையனுக்காக அந்த நான்கு குறுக்குக் கம்பியை இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டறைக்காரருக்கு அதில் வேலை குறைவு, படிக்குப் படி அளந்து வெட்ட வேண்டியதில்லை, நீளமாக ஓட்டிப் பற்றவைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் 3 வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. கம்பி கம்பியாகக் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். கம்பிகள் நெட்டுக்குத்தாகத்தான் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற ஆபத்து அதற்கு மேல் போனால்தான் வருகிறது. இந்தக் கணக்கைப் பலர் படத்தில் பார்த்துவிட்டுக் கோட்டை விடுகிறார்கள். மிதி, அதாவது படியில் கால் வைக்கும் அகலம், 10 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், படிக்கு ஒரு கம்பி என்பது பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் இடைவெளி ஒன்பது அங்குலத்துக்கு மேல் போய்விடும். படிக்கு இரண்டு போட்டால்கூட, 12 மி.மீ. சதுரக் கம்பியாக இருந்தால் நாலரை அங்குலம் விட்டுப்போகும். ஆகவே அந்தக் கம்பியில் படிக்கு மூன்று போடுங்கள், இல்லையென்றால் 1 அங்குலச் சதுரப் பைப்பில் இரண்டு போடுங்கள், சரியாக 4 அங்குலத்தில் வந்து நிற்கும்.

உயரம் 1 மீட்டர், அதாவது மூன்றேகால் அடிக்கு மூன்று நூல் (அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு) கூட. 2016-ம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. மிதியின் நடுவிலிருந்து கைப்பிடியின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும், அதுவும் கல் பதித்து முடித்த மட்டத்திலிருந்து. வெறும் கான்கிரீட் கிடக்கும்போது வந்து அளந்துகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் கலவையும் கல்லுமாக 2 அங்குலம் ஏறியதும் கைப்பிடி தாழ்ந்துபோய்விடும்.

அப்பத்தாவுக்கு வேண்டியது பிடிமானம். பெரிய வீட்டுக் கைப்பிடியை ஒரு தடவை நீங்களே பிடித்துப் பாருங்கள். மேலே 4 அங்குல அகலத்துக்குப் பட்டையாக, ஓரத்தில் வரி வரியாக இழைத்து, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் உள்ளங்கையை அதன்மேல் வைக்கத்தான் முடியும், விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது. கால் தடுக்கும் நேரத்தில் கை வழுக்கிக்கொண்டு போய்விடும். வயதானவர்கள் கைக்கு ஒன்றரை அங்குல உருண்டைதான் சுகம், அதிகபட்சம் 2 அங்குலம். கட்டைவிரலும் நடுவிரலும் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய தொட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, சுவர்ப்பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டும். இதை யாருமே கேட்பதில்லை, நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறும்போது ஒரு கை பலம் என்றால் இறங்கும்போது அதே கை மறு பக்கம் போய்விடுகிறது. சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் 2 அங்குலம் விடுங்கள், விரல் கணு உரசாது. கடைசிப் படியோடு நிறுத்தாமல் ஒரு அடி தள்ளி நீட்டுங்கள், ஏனென்றால் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுக்கும் இடத்தில்தான் விழுகிறார்கள். நீட்டிய முனையைச் சுவரை நோக்கி வளைத்து முடித்துவிடச் சொல்லுங்கள். வெட்டிவிட்ட பைப் முனையில் முந்தானை மாட்டி இழுத்தால் கைப்பிடி வைத்ததே வினையாகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் முடிவு: நெட்டுக்குத்தாக இரும்புக் கம்பி, அதன் மேலே உருட்டி இழைத்த தேக்குக் கைப்பிடி. கை படுவது மரத்தில், பாரம் தாங்குவது இரும்பு. அப்பச்சி கேட்ட தேக்கு வந்துவிட்டது. மெல்லிய கம்பியாகக் கறுப்போ கரும்பழுப்போ அடித்துவிட்டால் ஹால் அடைந்துபோகாது, கண்ணாடி கேட்டதன் காரணமும் பெரும்பாலும் அதுதான். முழுக்கக் கடைசல் காலே வேண்டும் என்று அப்பச்சி பிடிவாதமாக இருந்தால் கணக்குச் சொல்லிக் காட்டுங்கள். 10 அடி உயரத்துக்கு 7 அங்குலப் படியாக 17 வரும், படிக்கு இரண்டு கால் என்றால் 34 உருப்படி கடைய வேண்டும், அதிலும் கடைசலில் கழுத்து ஒடுங்கும் இடத்தில் இடைவெளி கூடிவிடும் என்பதால் அந்த இடத்தில் வைத்துத்தான் 4 அங்குலத்தை அளக்க வேண்டும். செலவு தாங்கும் என்றால் செய்யுங்கள், அழகுக்குக் குறைவில்லை.

தேக்கு வாங்கும்போது ஓரத்தில் வெளிர்மஞ்சளாக இருக்கும் பகுதியைச் சேர்க்கவிடாதீர்கள். தேக்கைக் கறையான் அரிக்காது என்று சொல்வதெல்லாம் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான். வீடு பிரித்த பழைய மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாகக் காய்ந்திருக்கும், முறுக்கிக்கொள்ளாது. ஆணி மிச்சம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் ஆசாரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இழைப்பு மெஷினின் பிளேடு போய்விடும்.

படிக்குக் கான்கிரீட் இன்னும் போடவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். பட்டறைக்காரரை இப்போதே கூப்பிட்டு, கால் நிற்க வேண்டிய இடங்களில் கொக்கி வைத்த இரும்பு ப்ளேட்டைக் கம்பி கட்டும்போதே உள்ளே வைத்துவிடுங்கள். பிறகு துளை போட்டு இறுக்குவதைவிட இது பல மடங்கு உறுதி. காலைப் படியின் மேலே நட்டால் 3 அடி அகலத்தில் 3 அங்குலம் போய்விடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சீர் சாமான், பீரோ எல்லாம் அந்த வழியாகத்தான் மேலே போக வேண்டும். படியின் பக்கவாட்டில் ப்ளேட் வைத்தால் முழு அகலமும் கிடைக்கும்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டிலிருந்து கழற்றிய இரும்புக் கிராதி நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். கொடியும் பூவுமாக அவ்வளவு அழகு. இதைப் புது வீட்டு மாடிப்படியில் வைக்க ஆசை. வெல்டிங் செய்து ஒட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— தேவகோட்டை வாசகி

பதில்: ஆச்சி, வெல்டிங் என்ற வார்த்தையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கியிருப்பது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பர்மாத் தேக்கு கப்பலில் வந்த காலத்தில் பிரிட்டனிலிருந்து தூண்களும் கிராதிகளுமாக வந்து இறங்கிய சரக்கு. இன்றைக்குப் பட்டறையில் புழங்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பிக்கும் அதற்கும் குணமே வேறு. எம்.எஸ்ஸில் கார்பன் 0.3 சதவீதத்துக்கும் கீழே, வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை. அதனால்தான் அச்சில் ஊற்றும்போது அவ்வளவு நுணுக்கமாகப் பூவும் கொடியும் வந்து விழுகிறது, அதனால்தான் கீழே போட்டால் பட்டென்று உடைகிறது. சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தால் ஒட்டு நன்றாகப் பிடித்தது போலத்தான் இருக்கும், ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் ராடு போட்டு, முன்கூட்டியே சூடேற்றி, பிறகு மெல்ல ஆறவிட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் உண்டு, ஆனால் அது உடைந்ததைச் சேர்ப்பதற்கான வைத்தியம். நல்ல கிராதியை அந்த வைத்தியத்துக்கு அனுப்ப வேண்டாம்.

சரியான வழி, எம்.எஸ். பட்டையில் தனியாகச் சட்டம் செய்து, கிராதியை அதற்குள் வைத்து போல்ட் போட்டு இறுக்குவது. கிராதியிலேயே பழைய போல்ட் துளைகள் இருக்கும், தேடிப் பாருங்கள், பல அடுக்கு பெயின்ட்டில் மூடிக் கிடக்கும். சட்டத்தைப் பற்றவையுங்கள், நடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கிராதியின் மேல் மட்டும் நெருப்பு படக் கூடாது.

அதற்கு முன்னால் ஒவ்வொரு கிராதியையும் கயிற்றில் தொங்கவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்லதாக இருந்தால் கணீரென்று நிற்கும். மொத்தையாகச் சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. அதை அலங்காரத்துக்குச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், யாரும் சாயும் இடத்தில் வைக்கக் கூடாது.

அடுத்து, அது படிக்கட்டுக் கிராதிதானா என்று பார்த்தீர்களா? படிக்கட்டுக்கு வார்த்தது சாய்சதுரமாக இருக்கும், அதுவும் அந்தப் பழைய படியின் சரிவுக்கு வார்த்தது. பழைய வீட்டுப் படிகள் பல செங்குத்தாக ஏறும், உங்கள் புதுப் படி அவ்வளவு செங்குத்தாக இருக்காது, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. நீள்சதுரமாக இருந்தால் பால்கனிக்கோ மேல்மாடி முற்றத்தைச் சுற்றியோ வைத்தது. அதைச் சரிவில் சாய்த்து வைத்தால் பூவெல்லாம் சரிந்துபோய், பார்க்கச் சகிக்காது. அப்படியானால் நான்கையும் மாடியில் படி போய்ச் சேரும் இடத்தில், ஹாலை எட்டிப்பார்க்கும் ஓரத்தில் நேராக வையுங்கள். படிக்கு வெறும் நெட்டுக்கம்பி போதும். எல்லா இடத்திலும் பூ இருந்தால் எந்தப் பூவும் கண்ணில் படாது என்பது என் கட்சி. உயரம் அனேகமாக இரண்டரை அடிதான் இருக்கும், மேலே ஒரு கம்பியும் தேக்குக் கைப்பிடியும் வைத்து 1 மீட்டருக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டைச் சுரண்டுவதில் கவனம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயின்ட்டுக்கு ஈய அளவு 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர உலர உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கேஸ் நெருப்பில் காட்டிப் பொசுக்குவதும் வேண்டவே வேண்டாம். ரிமூவர் பூசி ஊறவைத்து, ஈரமாகவே வழித்தெடுத்து, சுரண்டியதை மண்ணில் கொட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தில் பேரன் பேத்திகள் வேண்டாம்.

கேள்வி: எஸ்.எஸ். பைப் எடுக்கப் போனால் கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, 'பாருங்கள், ஒட்டவில்லை, ஒரிஜினல் 304' என்கிறார். நம்பலாமா?
— புதுவயல் வாசகர்

பதில்: காந்தம் ஒட்டவில்லை என்றால் அது காந்தம் ஒட்டும் மட்டமான ரகம் இல்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். 304, 202 எல்லாம் எஸ்.எஸ்ஸின் ரக எண்கள், விலை குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது. 304-ல் நிக்கல் 8 சதவீதம், குரோமியம் 18 சதவீதம். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே மினுமினுப்பு, கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு மழைக்காலம் போனதும் ஒட்டுகளில் பழுப்புப் புள்ளி விழும்போது தெரியும். எஸ்.எஸ். மேல் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறி மாங்கனீஸைக் காட்டும் திரவம் கடைகளில் கிடைக்கிறது, நல்ல வியாபாரிகள் அவர்களே வைத்திருப்பார்கள், கேளுங்கள். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குள்ளே, மழை படாத படிக்கு 202 போட்டாலும் காலம் ஓடிவிடும், அதற்காக 304 விலை கொடுக்காதீர்கள். வெளிப்படிக்கு 304. தொண்டி மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் 316, புதுவயலுக்கு அது தேவையில்லை. வெளிப்படிக்கு எஸ்.எஸ்ஸே வேண்டுமா என்றும் யோசியுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தப் பைப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள் கையை வைக்காமலேயே இறங்கிவிடுவார்கள், அப்புறம் அது என்ன கைப்பிடி?

வெளியில் எஸ்.எஸ். காலை எம்.எஸ். ப்ளேட்டோடு சேர்த்து போல்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அதில் எளியது அரித்துப்போகும், இங்கே எளியது எம்.எஸ். துரு என்பதே மின்வேதியியல் சமாசாரம்தான். 1953-ல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் உட்கார்ந்து ஆராய்ந்து வருவதில் இதுவும் ஒன்று. அவ்வளவு தூரம் போகாமல் ப்ளேட்டையும் எஸ்.எஸ்ஸாகவே போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: மாடிப்படி முழுக்க ஆத்தங்குடிக் கல் பதித்து, ஓரத்தில் மட்டும் கிரானைட் பட்டி கொடுத்துவிட்டோம். இப்போது ரெயிலிங் போட வந்தவர் கல்லிலேயே துளை போட்டு ப்ளேட்டை இறுக்கிவிடலாம் என்கிறார். கல் தாங்குமா? பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த டிசைன், பயமாக இருக்கிறது.
— காரைக்குடி வாசகி

பதில்: தாங்காது. பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ண சிமென்ட் ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் கொட்டி அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது, வண்ணம் மேலே ஒரு மெல்லிய அடுக்குதான். அதன்மேல் ப்ளேட்டை வைத்து போல்ட்டை முறுக்கினால் கல் அமுங்கி மூலையிலிருந்து மூலைக்குக் கீறிக்கொள்ளும். கைப்பிடியின் பிடிப்பு எப்போதும் கல்லுக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டில்தான் இருக்க வேண்டும்.

முதல் யோசனை, மேல்பக்கத்தை விட்டுவிட்டுப் படியின் பக்கவாட்டுக் கான்கிரீட்டில் ப்ளேட்டை வைத்து இறுக்குவது. பூச்சை மட்டும் அந்த அளவுக்கு எடுத்துவிட்டு ஆங்கர் போல்ட்டை 3 அங்குலமாவது கான்கிரீட்டுக்குள் இறக்க வேண்டும், விளிம்புக்கு மிக அருகில் போட்டால் ஓரம் பெயர்ந்துவிடும். இப்படிச் செய்தால் ஒரு கல்லைக்கூடத் தொட வேண்டியதில்லை. பக்கவாட்டில் வழியே இல்லை, மேலேதான் நட வேண்டும் என்றால் கிரானைட் பட்டியில் நடுங்கள். வைரப்பல் வைத்த வட்ட பிட்டில், தண்ணீர் விட்டுக்கொண்டே, டிரில்லில் சுத்தியல் அடிக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிய துளையாக எடுக்க வேண்டும். போல்ட் கிரானைட்டை நெருக்கக் கூடாது, அதைத் தாண்டிப் போய்க் கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும்.

துளையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டறைக்காரர்கள் படியிலேயே உட்கார்ந்து கிரைண்டர் போடுவார்கள். அந்தப் பொறி ஒவ்வொன்றும் இரும்புத் துகள். கல்லில் குத்திக்கொண்டு நிற்கும், ஈரத் துணி போட்டுத் துடைத்த சில நாளில் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பூக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எஸ்.எஸ். வேலையாக இருந்தால் ஒட்டின கறுப்பைப் போக்க ஒரு பசை தடவுவார்கள், அது கடுமையான ஆசிட். கல்லில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடத்தில் வண்ணமும் பளபளப்பும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அடியில் இருப்பது சிமென்ட். அதனால் வெட்டுவது, தேய்ப்பது, ஆசிட் தடவுவது எல்லாம் தெருவிலோ பட்டறையிலோ முடிந்துவிட வேண்டும், வீட்டுக்குள் வந்து போல்ட் போடுவது மட்டும்தான் வேலை என்று முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஓரிரு ஒட்டு உள்ளேதான் போட வேண்டும் என்றால் படிகளின் மேல் கனமான சாக்கை நனைத்துப் போட்டு, அதன்மேல் தகரம் வைத்து மூடிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் சொட்டு விட்டுத் துடைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டே, அதைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கு வேண்டாம். எவ்வளவு நல்ல கைப்பிடியும் எண்ணெய்ப் படியில் கால் வைத்தவரைக் காப்பாற்றாது.

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். பள்ளத்தூரில் கட்டும் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டியேதான் கிடக்கும், கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் வருவோம். மாடிப்படிக்கு முழுக் கண்ணாடி வைக்கலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: குடியிருக்கும் வீட்டுக்கே கண்ணாடி வேண்டுமா என்று இருமுறை கேட்பேன், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். கண்ணாடி கெட்டுப்போகாது, உண்மைதான். ஆனால் டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றி உறுதிப்படுத்திய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, ஒவ்வொரு பலகையும் படியின் சரிவுக்கு அளந்து சாய்சதுரமாகச் செய்து வருவது. ஒன்று உடைந்தால் அந்த அளவுக்கு மறுபடி வெளியூரில் செய்து வர வேண்டும், நீங்கள் வந்து இறங்கியிருப்பதோ கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால். 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 30 கிலோ, ஆள் வைத்துத் தூக்கிப் பொருத்த வேண்டிய சாமான்.

அப்படியும் கண்ணாடிதான் என்றால் இரண்டு டஃபன்டு தகட்டை நடுவில் ஒரு ஏடு வைத்து ஒட்டிய லேமினேட்டடாக வாங்குங்கள். வெறும் டஃபன்டு உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், கை கிழியாது, ஆனால் சாய்ந்து நின்றவருக்கு அந்த இடத்தில் தடுப்பே இல்லாமல் போய்விடும். லேமினேட்டட் உடைந்தாலும் ஏட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் மாடிப்படியில் வரிசையாக நின்று போட்டோ எடுக்காதவர்கள் யார்? அத்தனை பேரும் அதன்மேல்தான் சாய்வார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, பவுடர் கோட்டிங் கொடுத்த இரும்புக் கம்பி, மேலே தேக்கு. கம்பியைத் துளை, ஒட்டு எல்லாம் பட்டறையிலேயே முடித்துவிட்டுக் கோட்டிங்குக்கு அனுப்புங்கள், கோட்டிங்குக்குப் பிறகு பற்றவைத்தால் அந்த இடத்திலிருந்துதான் துரு கிளம்பும். பூட்டிய வீட்டில் பெரிய எதிரி கறையான், அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஏறி வருவது. தேக்குக் கைப்பிடியின் முனை சுவரைத் தொடாமல், தூண் தரையைத் தொடாமல், இடையில் இரும்புப் பாதம் ஒன்று வைத்துவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வரும்போது மண்கோடு எங்காவது ஏறுகிறதா என்று பார்க்கவும் சுலபம்.

கேள்வி: ஏறும்போது வலக்கைப் பக்கம்தான் கைப்பிடி வர வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்கிறார். உண்மையா?
— கண்டனூர் வாசகர்

பதில்: இரண்டு பக்கமும் வைத்துவிடுங்கள். அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

கேள்வி: ரெயிலிங்குக்கு ரன்னிங் அடிக் கணக்கில் விலை சொல்கிறார்கள். நான் தரையில் அளந்தால் 15 அடிதான் வருகிறது, அவர் 18 அடி என்று பில் போட்டிருக்கிறார். ஏமாற்றுகிறாரா?
— பொன்னமராவதி வாசகர்

பதில்: இந்த விஷயத்தில் இல்லை. படி தரையில் 15 அடி ஓடி 10 அடி உயரம் ஏறினால் சரிவு நீளம் 18 அடி வரும். கைப்பிடி சரிவில்தானே போகிறது. நூலைக் கைப்பிடி மேலேயே பிடித்து அளந்து பாருங்கள், சரியாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. அடிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது பைப்பின் கனத்தைச் சொன்னாரா? 2 அங்குல எஸ்.எஸ். பைப், 20 அடி நீளம், 16 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 12 கிலோ இருக்க வேண்டும். 18 கேஜ் 9 கிலோதான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றே, மூன்று கிலோ உலோகம் உள்ளே குறைந்திருக்கும். பொருத்துவதற்கு முன்னால் ஒரு பைப்பை எடைபோட்டுப் பாருங்கள், அந்தத் தெருவிலேயே பழைய இரும்புக் கடை இருக்கும். படி திரும்பும் இடத்தில் வளைவுக்குத் தனிக் காசு உண்டா, சுவர்ப்பக்கக் கைப்பிடி கணக்கில் சேர்ந்ததா, தேக்கு யார் பொறுப்பு, பாலிஷ் யார் பொறுப்பு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணையை, எல்லாம் பொருத்தி முடித்த பிறகு படியின் அடியில் இருக்கும் முதல் தூணை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மொத்தக் கைப்பிடியின் இழுவையும் அதன்மேல்தான் விழுகிறது, அது அசைந்தால் மற்றக் கம்பிகளெல்லாம் எவ்வளவு உறுதியாக நின்றாலும் வேலை முடியவில்லை என்றே அர்த்தம்.